சிரிக்க வைக்கச் சொல்லித் தரும் புத்தகங்கள் - ஒரு சின்ன வரலாறு

லண்டனில் ட்ரூரி லேன் அரங்கில் நடித்துக் கொண்டிருந்த ஜோ மில்லர் என்ற நடிகர் 1738-ல் இறந்து போனார். மேடையில் காமெடி வேஷங்களுக்குப் பெயர் வாங்கியவர். ஆனால் நேரில் ஆள் சரியான உம்மணாமூஞ்சி, வாயைத் திறந்து ஒரு ஜோக் சொல்ல மாட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. அப்படிப்பட்டவர் பெயரில் அடுத்த வருஷமே ஒரு ஜோக் புத்தகம் கடைக்கு வந்தது. 'ஜோ மில்லர்ஸ் ஜெஸ்ட்ஸ்', விலை ஒரு ஷில்லிங், உள்ளே 247 ஜோக்குகள். தொகுத்தவர் ஜான் மாட்லி என்ற நாடக ஆசிரியர். அவரும் சொந்தப் பெயரைப் போடாமல் எலைஜா ஜென்கின்ஸ் என்று புனைபெயர் வைத்துக் கொண்டார். 247-ல் மில்லர் சம்பந்தப்பட்டவை விரல் விட்டு எண்ணக் கூடியவைதான். செத்துப் போனவர் வந்து ராயல்டி கேட்க மாட்டார் அல்லவா :-)

புத்தகம் சக்கைப் போடு போட்டது. பதிப்புக்குப் பதிப்பு ஜோக்குகள் கூடிக் கொண்டே போயின. நூறு வருஷம் கழித்து, 1843-ல் டிக்கன்ஸ் எழுதிய கிறிஸ்துமஸ் கதையில் கூட ஸ்க்ரூஜ் போகிற போக்கில் ஜோ மில்லர் பெயரைச் சொல்கிறான், படிக்கிறவர்களுக்கும் அது புரிந்தது. ஆனால் அதற்குள் அந்தப் பெயருக்கு வேறு அர்த்தம் வந்து விட்டது. ஆங்கிலத்தில் 'ஒரு ஜோ மில்லர்' என்றால் ஏற்கனவே எல்லோரும் கேட்டுச் சலித்த பழைய ஜோக் என்று பொருள். நம் ஊர் பாஷையில் அரைத்த மாவு.

மேடையில் தனியாக நின்று பேசிச் சிரிக்க வைக்கக் கற்றுக் கொள்ள எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று இன்று தேடுகிறவர்கள், ஜோ மில்லருக்கு நடந்ததை முதலில் மனதில் போட்டுக் கொள்வது நல்லது. ஸ்டாண்ட்-அப் காமெடிக்கான புத்தகங்கள் இரண்டு ஜாதி. ஒன்று ஜோக்கை விற்கிறது. இன்னொன்று ஜோக் எப்படிப் பிறக்கிறது என்று காட்டுகிறது. முதல் ஜாதிதான் ரொம்ப நாள் கொடி கட்டிப் பறந்தது. அது எப்படி விழுந்தது என்பதுதான் சுவாரஸ்யமான பகுதி.

சரி, அமெரிக்காவுக்குப் போவோம். 1880களில் இருந்து 1920கள் வரை அங்கே வாட்வில் என்று ஒரு பெரிய மேடைத் தொழில் இருந்தது. பாட்டு, டான்ஸ், மேஜிக், நாய் வித்தை, நடுவில் ஒருவர் வந்து பத்துப் பன்னிரண்டு நிமிஷம் பேசிச் சிரிக்க வைப்பார். ஸ்டாண்ட்-அப்புக்கு முன்னோடி இவர்தான். இவருக்கு ஒரு பெரிய சௌகரியம் இருந்தது. இந்த வாரம் ஒரு ஊர், அடுத்த வாரம் வேறு ஊர். போன வாரம் கேட்டவர்கள் இந்த வாரம் வரப் போவதில்லை. அதனால் ஒரே பன்னிரண்டு நிமிஷத்தை வைத்துக் கொண்டு வருஷக் கணக்கில் ஓட்டலாம். கணக்குப் பாடத்தில் சொல்கிற மாதிரி, தேய்மானம் மிகவும் குறைந்த சொத்து.

இப்படிப்பட்ட சந்தையில் ஜோக்கை சரக்காக விற்பது நல்ல வியாபாரம். ஜேம்ஸ் மேடிசன் என்பவர் 1890களின் கடைசியில் 'மேடிசன்ஸ் பட்ஜெட்' என்று ஒரு தொகுப்பு ஆரம்பித்தார். பட்ஜெட் என்றவுடன் நிதியமைச்சர் ஞாபகம் வரக் கூடாது, மூட்டை என்று அர்த்தம். விலை ஒரு டாலர். தனி ஆள் பேச்சு, இரண்டு பேர் சேர்ந்து செய்யும் கேள்வி-பதில், பாட்டு நையாண்டி எல்லாம் ரெடிமேடாக இருக்கும். ஒரு டாலர் கொடுத்தால் ஒருவருடைய ஒரு வருஷப் பிழைப்பு. 1920கள் வரை இது வந்து கொண்டிருந்தது. வாங்கினவர்கள் அத்தனை பேரும் அதே ஜோக்கைத்தான் சொல்வார்கள் என்பது வேறு ஊர், வேறு ஊர் என்று பிரிந்து கிடந்ததால் வெளியே தெரியவில்லை.

அந்தக் காலத்திலேயே இன்னொரு ஜாதியின் விதையும் விழுந்தது. 1915-ல் ப்ரெட் பேஜ் என்பவர் 'ரைட்டிங் ஃபார் வாட்வில்' என்று ஒரு தடித்த புத்தகம் எழுதினார். வெளியிட்டது தபால் வழிப் பாடம் நடத்தும் ஒரு நிறுவனம். இதில் பேஜ் ஜோக்குகளைக் கொட்டவில்லை. தனி ஆள் பேச்சு என்றால் என்ன, ஒரே ஆள் ஒரே குணத்தோடு பேசுவது ஏன் முக்கியம், ஒரு சிரிப்பில் இருந்து அடுத்த சிரிப்புக்கு எப்படிப் போவது என்று பொறுமையாக விளக்குகிறார். உதாரணத்துக்கு ஏரன் ஹாஃப்மன் எழுதிய 'தி ஜெர்மன் செனட்டர்' என்ற பேச்சை முழுசாகவே கொடுத்திருக்கிறார். அரைகுறை ஆங்கிலத்தில் அரசியல் பேசும் ஒரு ஆள். அந்த ஜோக்குகள் இன்றைக்குப் பெரும்பாலும் காலாவதி. ஆனால் பேஜ் சொல்கிற இலக்கணம் காலாவதி ஆகவில்லை. நூறு வருஷப் பழைய புத்தகம் என்பதால் காப்புரிமை முடிந்து இணையத்தில் காசில்லாமலே கிடைக்கிறது. காலேஜ் பசங்களுக்கு இது ஒரு முக்கியமான தகுதி.

பிறகு ரேடியோ வந்தது. வாட்வில் செத்தது, கூடவே ஜோக்கின் ஆயுளும் போயிற்று. முன்பு ஒரு ஜோக் ஊர் ஊராகப் போய் வருஷக் கணக்கில் சம்பாதித்துக் கொடுத்தது. இப்போது ஒரே ராத்திரியில் நாடு முழுக்கக் கேட்டு விட்டது, அடுத்த வாரம் அதையே சொன்னால் ரேடியோவை அணைத்து விடுவார்கள். பாப் ஹோப் போன்றவர்கள் சம்பளத்துக்கு எழுத்தாளர் படையையே வைத்துக் கொண்டது இதனால்தான். ஹோப் தன் ஜோக்குகளைப் பத்திரமாகக் கோப்பு போட்டு வைத்திருந்தார். பின்னால் அவை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் போனபோது எண்ணிப் பார்த்தால் 85,000 பக்கங்களுக்கு மேல்! படை வைக்கிற அளவுக்கு வசதி இல்லாத சாதாரண காமெடியன் என்ன செய்வான்? திரும்பவும் ஜோக் புத்தகம்தான்.

அந்தச் சந்தையைப் பிடித்தவர் ராபர்ட் ஆர்பென். நியூயார்க்கில் ஒரு மேஜிக் சாமான் கடையில் வேலை பார்த்த பையன். மேஜிக் செய்கிறவர் கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்கக் கூடாது, ஏதாவது பேசிக் கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பேச்சையே தொகுத்து, இருபது வயது ஆவதற்கு முன்பே 1946-ல் ஒரு 'பேச்சுக் களஞ்சியம்' போட்டார். அதற்குப் பிறகு டஜன் டஜனாகப் புத்தகங்கள், சந்தா கட்டினால் வீட்டுக்கே வரும் ஜோக் மடல்கள். கறுப்பின காமெடியன் டிக் கிரெகரிக்கும் இவர் எழுதியிருக்கிறார், கடைசியில் ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்டின் பேச்சு எழுதும் பிரிவுக்கே தலைவர் ஆனார். மேஜிக் கடையில் இருந்து வெள்ளை மாளிகை வரை ஜோக் கொண்டு போய் விட்டிருக்கிறது. ஆர்பென் 2023-ல் காலமானார்.

ஆனால் ஆர்பென் சரக்கு நன்றாக விற்க விற்க, அதை வாங்கியவர்களின் மதிப்பு இறங்கிக் கொண்டே போனது. ஊருக்குப் பத்துப் பேர் ஒரே புத்தகத்தை வைத்துக் கொண்டு பேசினால் எப்படி? இதே நேரத்தில் 1953-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் 'ஹங்ரி ஐ' என்ற சின்ன கிளப்பில் மார்ட் சால் என்ற இளைஞர் சாதாரண ஸ்வெட்டரைப் போட்டுக் கொண்டு, கையில் அன்றைய செய்தித்தாளோடு மேடை ஏறினார். அன்றைக்கு என்ன நடந்ததோ அதைப் பற்றித் தான் என்ன நினைக்கிறாரோ அதைப் பேசினார். இதை எந்தப் புத்தகத்தில் இருந்து காப்பி அடிக்க முடியும்? ஜோக்கின் சொந்தக்காரர் யார் என்ற கேள்வி அங்கேதான் கூர்மையாக எழுந்தது.

இரண்டு வருஷம் கழித்து, அதே ஊரில் இன்னொரு கிளப். இந்தக் கதையை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 'பர்ப்பிள் ஆனியன்' என்ற அந்த கிளப்பில் 1955 மார்ச் 7-ம் தேதி மேடை ஏறியவர் ஃபிலிஸ் டில்லர். வயது 37. ஐந்து குழந்தைகள். கணவர் எந்த வேலையிலும் நிலைக்காதவர், வீட்டில் பணக் கஷ்டம். டில்லர் ஒரு ரேடியோ நிலையத்தில் விளம்பர வாசகம் எழுதிக் கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் ஒரு பெண் தனியாக நின்று ஜோக் சொல்வது என்பதே அபூர்வம், அதிலும் நடுத்தர வயதில், இருந்த சம்பளத்தை விட்டு விட்டு. தோற்றால் ஏழு பேர் சாப்பாட்டில் கை வைக்கிற விஷயம் அது.

அவருக்கு உதவிய புத்தகம் எது தெரியுமா? ஜோக் புத்தகமே இல்லை. க்ளாட் ப்ரிஸ்டல் என்பவர் 1948-ல் எழுதிய 'தி மேஜிக் ஆஃப் பிலீவிங்' என்ற தன்னம்பிக்கைப் புத்தகம். ப்ரிஸ்டல் பத்திரிகை நிருபராக இருந்து பிறகு முதலீட்டுத் தொழிலுக்குப் போனவர், காமெடிக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. இந்தப் புத்தகம்தான் தன்னை மேடை ஏற்றியது என்று டில்லர் கடைசி வரை சொல்லி வந்தார். இந்த வகைப் புத்தகங்களைக் கிண்டல் செய்வது சுலபம், பாதிக்கு மேல் கிண்டலுக்கு உரியவையும் கூட. ஆனால் டில்லருக்கு அப்போது ஜோக்குக்குப் பஞ்சம் இல்லை, வீட்டில், அலுவலகத்தில், துணி துவைக்கிற இடத்தில் எல்லாம் சுற்றி இருந்தவர்களைச் சிரிக்க வைத்துக் கொண்டுதான் இருந்தார். குறைந்தது தைரியம். எது குறைகிறதோ அதற்கான புத்தகத்தை எடுத்திருக்கிறார். முதலில் இரண்டு வாரம் என்று பேசி ஆரம்பித்த நிகழ்ச்சி 89 வாரம் ஓடியது.

மேடை ஏறிய பிறகு அவர் செய்ததுதான் இன்னும் பெரிய காரியம். தனக்கென்று ஒரு புத்தகத்தைத் தானே கட்ட ஆரம்பித்தார். சொல்கிற ஒவ்வொரு ஜோக்கையும் ஒரு சின்ன அட்டையில் தட்டச்சு செய்து, தலைப்பு வாரியாகப் பிரித்து இரும்பு அலமாரியில் அடுக்கினார். 48 இழுப்பறைகள், அது போதாமல் பின்னால் இன்னும் கொஞ்சம். சொந்தமாக எழுதியவை, மற்றவர்கள் எழுதி அனுப்பி இவர் வாங்கியவை எல்லாம் அதில் உண்டு. சமையல், கார், மாமியார், 'ஃபாங்' என்று அவர் கற்பனையாக வைத்துக் கொண்ட உதவாக்கரை கணவன்... நிமிஷத்துக்கு 12 சிரிப்பு என்பது அவர் வைத்துக் கொண்ட கணக்கு. ஐந்து விநாடிக்கு ஒன்று! அந்த வேகத்துக்குச் சரக்கு வேண்டும் என்றால் கிடங்கு இல்லாமல் முடியாது. இந்த வேலையில் பழகியவர்களும் உண்டு. ஃபிலடெல்ஃபியாவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வேலை பார்த்துக் கொண்டே டில்லருக்கு ஜோக் எழுதி அனுப்பிய ஜீன் பெரெட், பிறகு பாப் ஹோப்பின் எழுத்தாளராகி, 1982-ல் நகைச்சுவை எழுதி விற்பது பற்றி ஒரு புத்தகமே எழுதினார். தினம் இத்தனை ஜோக் என்று கணக்கு வைத்து எழுதிப் பழகச் சொல்கிற, ஒரு ஃபாக்டரி ஆளின் ஒழுங்கோடு எழுதப்பட்ட புத்தகம். மேதைகளுக்கு அது போரடிக்கலாம். மற்றவர்களுக்குப் பயன்படும்.

1960களில் புத்தகங்களின் போக்கு மாறியது. லென்னி ப்ரூஸின் சுயசரிதை 1965-ல் வந்தது. மேடையில் ஆபாசமாகப் பேசினார் என்று நியூயார்க்கில் 1964-ல் தண்டிக்கப்பட்டவர், 1966-ல் இறந்தார், 2003-ல்தான் கவர்னர் மன்னிப்பு கொடுத்தார். அந்தப் புத்தகத்தைப் படித்து ஜோக் சொல்லக் கற்றுக் கொள்ள முடியாது, ஒரு வார்த்தைக்கு என்ன விலை என்று தெரிந்து கொள்ளலாம். 1968-ல் லாரி வைல்ட் என்ற காமெடியன் பெரிய பெரிய காமெடியன்களை உட்கார வைத்துப் பேட்டி எடுத்துத் தொகுத்தார். ஜாக் பென்னி, பாப் ஹோப், வுடி ஆலன், டில்லர் என்று ஒரு பட்டாளம். தொழில் செய்கிறவனே தொழில் செய்கிறவனைக் கேட்டதால் கேள்விகள் எல்லாம் உருப்படியானவை.

1975-ல் ஃபில் பெர்கர் எழுதிய 'தி லாஸ்ட் லாஃப்' வந்தது. இது பாடப் புத்தகம் இல்லை. கிளப்புகளில் அலைந்த காமெடியன்களின் கதை, அவமானங்கள், சம்பளம், பொறாமை எல்லாம். நியூயார்க்கில் குவீன்ஸ் காலேஜில் படித்துக் கொண்டிருந்த ஒரு பையன் கையில் இது கிடைத்தது. பெயர் ஜெர்ரி சைன்ஃபெல்ட். இப்படியும் ஒரு வாழ்க்கை இருக்கிறது, இதற்குள் சாதாரண ஆட்களும் நுழைகிறார்கள் என்று அந்தப் புத்தகம் காட்டியது. 1976-ல் முதல் முறை மேடை ஏறினார். எல்லாம் மறந்து போயிற்று! தயார் செய்திருந்த ஜோக்குகளின் தலைப்பு மட்டும்தான் வாயில் வந்தது. கடற்கரை... கார் ஓட்டுவது... அவ்வளவுதான், இறங்கி விட்டார். எந்தப் புத்தகமும் அந்த இரண்டு மூன்று நிமிஷத்தில் இருந்து ஒருவரைக் காப்பாற்றாது போலிருக்கிறது.

ஸ்டீவ் மார்ட்டின் கதை இதற்கு நேர் எதிர்த் திசை. பத்து வயதில் டிஸ்னிலேண்டில் வழிகாட்டிப் புத்தகம் விற்றவர், பிறகு அங்கேயே மேஜிக் கடையில் வேலை. டேரியல் ஃபிட்ஸ்கீ 1943-ல் மேஜிக்காரர்களுக்காக எழுதிய மேடைக் கலைப் புத்தகத்தை ஊன்றிப் படித்தார், ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் எது எடுபட்டது, எது எடுபடவில்லை என்று குறித்து வைத்தார். அதுவரை சொன்னது எல்லாம் கடை கண்ணியில் கேட்ட இரவல் ஜோக்குகள். காலேஜில் படிக்கும்போது ஒரு பாடத்தில், சிரிப்பு எப்படி உண்டாகிறது என்ற விளக்கத்தைப் படித்தார். பேசுகிறவர் ஒரு இறுக்கத்தை உண்டாக்குகிறார், கடைசி வரியில் அதை அவிழ்த்து விடுகிறார், சிரிப்பு வருகிறது. மற்றவர்கள் இதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருப்பார்கள். மார்ட்டின் திருப்பிக் கேட்டார்: அவிழ்க்காமலே விட்டால் என்ன ஆகும்? கூட்டம் எங்கே சிரிப்பது என்று தானே முடிவு செய்து கொள்ளட்டுமே. கூடவே சொந்தமாக இல்லாத ஒவ்வொரு வரியையும் தன் நிகழ்ச்சியில் இருந்து எடுத்து எறிந்தார். எடுத்த பிறகு மிஞ்சியது ரொம்பக் கொஞ்சம். அதில் இருந்து ஆரம்பித்து ஸ்டேடியம் நிறைய ஆட்களைக் கூட்டி, 1981-ல் ஸ்டாண்ட்-அப்பையே விட்டார். இதையெல்லாம் அவரே 2007-ல் 'பார்ன் ஸ்டாண்டிங் அப்' என்று எழுதினார். சின்னப் புத்தகம், ஜோக் கம்மி, வேலை அதிகம். ஒரே ஒரு புத்தகம் வாங்கத்தான் காசு இருக்கிறது என்றால் இதைத் தயங்காமல் வாங்கலாம்.

1980களில் அமெரிக்கா முழுக்க காமெடி கிளப்புகள் மழைக்குப் பிந்தைய காளான் மாதிரி முளைத்தன. கற்றுக் கொள்ள ஆசைப்படுகிறவர்கள் கூட்டமும் பெருகியது. அப்போதுதான் 1989-ல் ஒரு வேடிக்கை. அந்த ஒரே வருஷத்தில் இரண்டு புத்தகங்கள் வெளியாயின. ஒன்று, மற்றவர்கள் ஜோக்கைச் சுடுவதில் பேர் போன மூத்த நட்சத்திரம் மில்ட்டன் பெர்ல் தன் சொந்தக் கோப்பில் இருந்து எடுத்துக் கொடுத்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஜோக்குகள். இன்னொன்று, ஜூடி கார்ட்டர் எழுதிய ஸ்டாண்ட்-அப் பயிற்சிப் புத்தகம். கார்ட்டரின் புத்தகத்தில் வேறு யாருடைய ஜோக்கையும் சொல்லக் கூடாது என்பது அடிப்படை விதி. உன் வாழ்க்கையில் எது கஷ்டம், எது பயம், எது முட்டாள்தனம், எது விசித்திரம் என்று பட்டியல் போடு, அந்த உணர்ச்சியோடு விஷயத்தை ஆரம்பி என்கிறார். ஒன்றின் விலை ஜோக்குக்கு, இன்னொன்றின் விலை ஹோம்வொர்க்குக்கு. பெர்லின் புத்தகத்தை இன்று புரட்டினால் பழைய ஆல்பம் பார்க்கிற சந்தோஷம் கிடைக்கும், அதோடு சரி. கார்ட்டரின் பயிற்சிகளை இன்றும் வகுப்புகளில் செய்கிறார்கள்.

2000-ல் வந்த க்ரெக் டீனின் புத்தகம் இன்னும் ஒரு படி உள்ளே போகிறது. ஜோக்கின் முதல் பாதி கேட்கிறவர் மனதில் ஒரு ஊகத்தை உண்டாக்குகிறது, இரண்டாவது பாதி அந்த ஊகத்தை உடைக்கிறது, இரண்டையும் இணைக்கிற ஒரே சொல் அல்லது ஒரே பொருள் நடுவில் இருக்க வேண்டும் என்று ஸ்க்ரூ ஸ்க்ரூவாகக் கழற்றிக் காட்டுகிறார். மெக்கானிக் ஷெட்டில் நிற்கிற மாதிரி இருக்கும். ஜோக்கே வராதவருக்கு வர வைக்குமா என்றால் சந்தேகம்தான், ஆனால் பாதி எடுபட்டு நின்று போன ஜோக்கில் எந்த இடம் லூஸ் என்று கண்டுபிடிக்க இதை விட நல்ல கருவி இல்லை. அதனால் ஏழெட்டு தடவையாவது மேடை ஏறி அடி வாங்கிய பிறகு படிப்பது நல்லது.

பயிற்சிப் புத்தகங்கள் ஒரு விஷயத்தை மட்டும் லாவகமாகத் தாண்டி விடுகின்றன. காசு! 1979-ல் லாஸ் ஏஞ்சலஸில் 'காமெடி ஸ்டோர்' கிளப்பில் காமெடியன்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிளப் டிக்கெட் போட்டு, மது விற்று நடந்தது. வெயிட்டருக்குச் சம்பளம் உண்டு, மேடையில் நின்று கூட்டத்தைச் சிரிக்க வைத்தவருக்குக் கிடையாது. இது பயிற்சிக் கூடம், கற்றுக் கொள்ள இடம் கொடுப்பதே கூலி என்பது நிர்வாகத்தின் வாதம். ஆறு வாரம் போராடி ஒரு முறை மேடை ஏறினால் 25 டாலர் என்று வாங்கினார்கள். வில்லியம் நோடல்சீடர் 2009-ல் இதைப் புத்தகமாக எழுதியிருக்கிறார், தலைப்பு 'ஐ'ம் டையிங் அப் ஹியர்'. இலவசமாக மேடை தருகிறோம் என்று கூப்பிடுகிற இடத்துக்குப் போவதற்கு முன் படிக்க வேண்டியது.

சைன்ஃபெல்ட் என்ன ஆனார்? மேடையில் சில வார்த்தைகளோடு இறங்கியவர் அன்றில் இருந்து தேறிய ஜோக்குகளை எல்லாம் மஞ்சள் தாளில் கையால் எழுதி, மடிப்புக் கோப்புகளில் போட்டு வைத்தார். 2020-ல் அதை அப்படியே பத்தாண்டு வாரியாகப் பிரித்து ஒரு புத்தகமாக வெளியிட்டார். எழுபதுகளில் எழுதியதையும் இப்போது எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம், எங்கே வார்த்தை குறைந்திருக்கிறது என்று பார்க்கலாம்.

டில்லரின் அலமாரி 2003-ல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது. அவர் 2012-ல் 95 வயதில் காலமானார். 2017-ல் அருங்காட்சியகம் அட்டைகளைப் படம் பிடித்து இணையத்தில் போட்டு, யாராவது தட்டச்சு செய்து உதவுங்கள் என்று கேட்டது. முகம் தெரியாத தன்னார்வலர்கள் சில வாரங்களிலேயே முடித்துக் கொடுத்தார்கள். மொத்தம் 52,569 அட்டைகள்.